ஒற்றை வாசல் குடிசையும் மஞ்சள்மூஞ்சிக் கழுகும்

இந்த வாரப் பத்தியை மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதுகிறேன். பென்சிலில். பேனாவை மேல்நோக்கிப் பிடித்தால் இரண்டு வரிக்கு மேல் மை இறங்க மாட்டேன் என்கிறது.

குப்புறப் படுக்க முடியாது. உட்கார்ந்தால் வயிறு மடிகிறது, மடிந்தால் குத்துகிறது. நெஞ்சில் நெருஞ்சி முள், வயிற்றில் நெருஞ்சி முள், முழங்கால் இரண்டிலும் நெருஞ்சி முள். என் மனைவி டார்ச் லைட்டும் ஊக்குமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். முள்ளுக்கு ஒரு கேள்வி வீதம்.

"போட்டோ எடுக்கத்தான போனீக?"

"ஆமா."

"போட்டோவை நின்னுக்கிட்டு எடுப்பாகளா, உருண்டுக்கிட்டு எடுப்பாகளா?"

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

பழைய வாசகர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக… எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் போர்மேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வெடிமருந்தைப் பற்றிச் சொல்லித்தருவதற்கு முன்னால் நான் சொல்லித்தருவது ஓட்டத்தைத்தான். செருப்பை வெளியே விடு. வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டு உள்ளே போ. எல்லாக் கதவும் திறந்தே இருக்கணும். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தால் என்ன ஏதென்று பார்த்துக்கொண்டு நிற்காதே. பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி "ஓடு" என்று கத்திக்கொண்டே ஓடு. முடிந்த மட்டும் ஓடி, குப்புற விழுந்து, தலைமேல் கையை வை. போர்மேன் வந்து எழுப்புகிற வரைக்கும் எழுந்திருக்காதே.

இவ்வளவையும் சொல்லித்தருகிறவன் எப்பேர்ப்பட்ட தைரியசாலியாக இருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

வீட்டில் குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே… அதற்கே நான் தெருவில் நிற்பேன். கல்யாணமான புதிதில் மனைவி பதறினாள். இப்போதெல்லாம் உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது: "வெளிய போனதுதான் போனீக, அப்படியே பால் வாங்கிட்டு வந்துருங்க."

இப்படிப்பட்டவனைத்தான் சௌந்தரம் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

சௌந்தரம் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். சிவகாசியில் காலண்டர் அச்சாபீஸ் வைத்திருக்கிறான். வருஷம் முழுக்க முருகனையும் மகாலட்சுமியையும் லோடு லோடாக அச்சடித்து அனுப்பி, கடவுள்கள் மேல் ஒரு சலிப்பு வந்து, ஐம்பது வயதுக்கு மேல் பறவைகள் பக்கம் ஒதுங்கினான். பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ் வாங்கினான். அதைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்தால் போலீஸ்காரர் எழுந்து நிற்கிறார் — மரியாதையா, சந்தேகமா, இன்னும் தெரியவில்லை.

நம் பக்கத்துப் பறவைப் பிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. பறவைப் பிரியர்கள் என்றால் சாதுவானவர்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச நாளைக்கு முன்னால் சௌந்தரம் அதில் ஒரு படத்தைப் போட்டு, 'மேற்கு மலையோரம் மஞ்சள்முகப் பாறு கண்டேன்' என்று எழுதினான். பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. நம் பக்கம் அது கண்ணில் படுவதே அபூர்வம்.

படத்தில் நீல வானம் இருந்தது. நடுவில் ஒரு புள்ளி இருந்தது.

"பருந்து" என்றார் ஒருவர். "பட்டம்" என்றார் இன்னொருவர். "லென்ஸைத் தொடைங்க அண்ணாச்சி, தூசி" என்றார் மூன்றாமவர்.

அன்றோடு அவன் பெயர் தூசி சௌந்தரம். அச்சாபீஸில் மெஷின்மேன்கள் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். பேப்பர் லோடு கொண்டுவருகிற டிரைவர் முகத்துக்கு நேரேயே சொல்கிறார். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டான். அந்தக் குரூப்பில் அவனுடைய சம்பந்தியும் இருக்கிறார் என்பதுதான் கொடுமை. மகளைப் பார்க்க ராஜபாளையம் போனவனிடம், காபியை நீட்டிக்கொண்டே அவர் கேட்டாராம்: "என்ன சம்பந்தி… தூசி மறுபடி தட்டுப்பட்டுச்சா?"

காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டான். சம்பந்தி வீட்டுக் காபியைத் தொடாமல் வருவது எவ்வளவு பெரிய சமாசாரம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"மஞ்ச மூஞ்சி பளிச்சுனு தெரியிற மாதிரி ஒரே ஒரு படம், மாப்ள. அது இல்லாம இனிமே மக வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று பார்த்தேன். இல்லை.

"அதுக்கு நான் என்னலே செய்யணும்?"

"சாட்சிக்கு ஒரு ஆளு வேணும். ஒனக்குத்தான் அசையாம உக்காந்துருக்கத் தெரியும். கம்பெனியில அதைத்தான செய்யிறே."

போன ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்பே கிளம்பினோம். நல்ல நேரம் பார்த்துத்தான். தான் அச்சடித்த காலண்டரில் தானே நல்ல நேரம் பார்த்து, அதைத் தானே நம்பவும் செய்கிற மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கழுகு எந்தக் கம்பெனி காலண்டர் பார்க்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வண்டி அவனுடையது.

மலைச் சரிவில் பெருமாள்சாமி அண்ணாச்சிக்கு மாந்தோப்பு. தோப்புக்கு மேலே பாறையும் புல்லுமாகக் கிடப்பதும் அவர்கள் குடும்பத்து நிலம்தான். செத்த மாட்டை அங்கே கொண்டுபோய்ப் போடுவது வழக்கம். "வலிக்குப் போடுற ஊசி ஒண்ணு இருக்கு தம்பி. அதைப் போட்ட மாடு செத்து, அதைக் கழுகு தின்னா, கழுகும் சேந்து போய்ச் சேந்துருது. எங்க மாட்டுக்கு அந்த ஊசி போட விடுறதில்ல. அதான் எப்பவாச்சும் ஒண்ணு எட்டிப் பாக்குது" என்றார்.

அந்தப் பாறைக்கு எதிரே சௌந்தரத்துக்காகத் தென்னங்கீற்றில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்திருந்தார். இதற்கு 'ஹைட்' என்று பெயராம். நாம் உள்ளே இருப்போம். நாம் இருப்பது வெளியே இருக்கிற ஜீவனுக்குத் தெரியாது. தீபாவளி சீசனில் லோடு வரவில்லை என்று ஏஜெண்டு போன் பண்ணும்போது எங்கள் முதலாளி கடைப்பிடிக்கிற முறையும் இதேதான்.

நான் குடிசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

"அண்ணாச்சி, இன்னொரு வாசல் எங்கன இருக்கு?"

"இன்னொரு வாசலா? இதென்ன கல்யாண மண்டபமா? பின்னாடி இருக்குல்ல, அது ஒண்ணுதான்."

"உள்ள ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"உள்ள என்ன ஆவும்? நீங்க ரெண்டு பேரு இருப்பீக. கொசு இருக்கும்." அண்ணாச்சி சௌந்தரத்தின் பக்கம் திரும்பினார். "ஒங்க கூட்டாளி நல்லாத்தான இருக்காக?"

"நல்லா இருந்தா எங்கூட வருவானா அண்ணாச்சி?" என்றான் அவன்.

பழக்க தோஷம்… செருப்பை வெளியே கழற்றினேன். வாசல் காலைத் தொட்டேன். மூங்கில். அதில் என்ன கரண்டு இறங்கும்? ஆனாலும் ஒரு திருப்தி. உள்ளே போனதும் சௌந்தரம் தட்டியைச் சாத்தி, காற்றில் ஆடக் கூடாதென்று கேமராப் பையை அதற்கு முட்டுக் கொடுத்தான். ஒரே வாசல். அதுவும் அடைத்தாயிற்று. என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு அறையைப் பார்த்திருந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தியிருப்பேன்.

பிறகு அவன் பையிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து வாயால் ஊத ஆரம்பித்தான். நடுவில் ஓட்டை போட்ட காற்றுத் தலையணை. மூல நோய்க்காரர்கள் உட்காருகிற சாமான்.

"இதைப் பத்திப் பத்திரிகையில எழுதுனே… கொன்னுருவேன்."

எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்தது உட்கார்ந்துகொண்டு. இப்போது எழுதுவது படுத்துக்கொண்டு. கணக்கில் வராது.

வெளிச்சம் வந்தது. லென்ஸ் நீட்டியிருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு சின்னப் பொத்தல். அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். முதலில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று வந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின, எதுவும் எதையும் கேட்கவில்லை, கொஞ்ச நேரத்தில் கோபித்துக்கொண்டு பறந்தன. பங்காளிகள் சேர்ந்து நடத்துகிற கம்பெனி மீட்டிங். அப்புறம் ஒரு கரிச்சான் வந்து, தன் நீண்ட இரட்டை வாலைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு மயில் பாறைமேல் ஏறி, எங்களைத் தவிர ஆளே இல்லாத மலைக்குத் தோகையை விரித்துக் காட்டியது. எல்லாவற்றையும் நான் ரசித்தேன். சௌந்தரம் ஒன்றையும் படமெடுக்கவில்லை.

"மயிலுலே… எடு."

"முருகன் படத்துல நெதம் பாக்குற மயிலு. சும்மா கெட."

வெயில் ஏறியது. கொசு ஓய்ந்து ஈ வந்தது. கால் மரத்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இவன் இப்படித் தனியாக வந்து உட்கார்ந்திருப்பான் என்று யோசித்தேன். சம்பந்தி ஒருவரின் ஒரு வரிக் கிண்டலுக்காக மனிதன் மலையேறி ஒளிந்துகொள்கிறான் என்றால், அந்தக் கிண்டல் எங்கே போய்க் குத்தியிருக்கும்!

அப்போதுதான் அவன் என் தொடையைப் பிடித்து நசுக்கினான்.

பாறையின் மேல் அது நின்றுகொண்டிருந்தது. எப்போது வந்தது, எப்படி இறங்கியது, இரண்டு பேருக்குமே தெரியாது. அழுக்கு வெள்ளை உடம்பு. பின்னந்தலையில் சிலிர்த்துக்கொண்டு நிற்கிற மயிர். சீசன் நேரத்தில் தூங்காத ஆடிட்டர் மாதிரி இருந்தது. பெரிய கோழி அளவுதான். ஆனால் அது நின்ற நிலையில் ஒரு அதிகாரம்.

எல்லாம் சரி. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"மூஞ்சியைக் காட்டு… மூஞ்சியைக் காட்டு…" சௌந்தரம் உதடு அசையாமல் முனகினான். "முருகா, ஒம் படம் எம்புட்டு அடிச்சிருப்பேன்… ஒரே ஒரு தடவை திருப்பி விடு."

முருகன் காது கொடுத்திருக்க வேண்டும். கழுகு மெதுவாகக் கழுத்தைத் திருப்ப ஆரம்பித்தது. ஒரு புல் குறுக்கே நின்றது. அதைத் தவிர்க்க சௌந்தரம் வளையத்தோடு ஒரு விரற்கடை இடது பக்கம் நகர்ந்தான். தரையில் ஒரு முள் இருந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்…

அதற்கப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. வாசலில் பை. எதிரே கீற்று. கீற்று வழியாகவே போனேன். லென்ஸ் ஓட்டைக்குப் பக்கத்தில் இப்போது என் அளவுக்கு இன்னொரு ஓட்டை இருக்கிறது. அண்ணாச்சிக்கு இரண்டாவது வாசல் இலவசம். கேமரா ஸ்டாண்டைத் தட்டாமல் எப்படிப் போனேன் என்பது எங்கள் இருவருக்குமே இன்று வரை புரியவில்லை. வெறுங்கால். பாறை, புல், நெருஞ்சி. ஓடினேன், விழுந்தேன், குப்புறப் படுத்தேன், தலைமேல் கையை வைத்தேன். பாடத்தில் உள்ளபடி.

துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். கழுகு போய்விட்டது.

வெடிக்கவில்லை. வெடிக்கவில்லையென்றால் என்ன? சில சமயம் தாமதித்து வெடிக்கும். போர்மேன் வந்து எழுப்புகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. போர்மேன் எங்கே? போர்மேன்தானே இங்கே மண்ணைத் தின்றுகொண்டு கிடக்கிறார்!

கொஞ்சம் கொஞ்சமாக மூளை வேலைக்கு வந்தது. மலை. புல். மாந்தோப்பு. இங்கே மருந்து ஏது? பிறகு அந்த ரப்பர் வளையம் ஞாபகம் வந்தது. உள்ளுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பயம் போனதும் நான் எழுந்திருக்க வேண்டும்தானே? எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சௌந்தரத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் திட்டியிருந்தால் எழுந்திருப்பேன். குடிசையிலிருந்து ஒரு சத்தம் இல்லை. கெட்ட வார்த்தைக்குப் பெயர் போனவன் வாயைத் திறக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. அப்படியே கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதுகு சுடுகிற அளவுக்கு.

தரையில் ஒரு நிழல் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

பொத்தென்று ஏதோ இறங்கியது. அப்புறம் நடை. ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடக்கிற குழந்தையின் நடை மாதிரி… தத்தித் தத்தி.

குடிசையிலிருந்து காற்று மாதிரி ஒரு குரல் வந்தது: "அசையாதேலே… மாப்ள… ஒன்னைக் கும்பிடுறேன். அப்படியே கெட."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மேலேயிருந்து பார்த்த கழுகு, புல்வெளியில் குப்புறக் கிடக்கிற, அசையாத, நல்ல எடையுள்ள ஒன்றைக் கவனித்திருக்கிறது. விசாரிக்க இறங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நண்பனாக நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சௌந்தரத்தின் மானத்துக்காக இந்த உடம்பு போனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்… என்று எழுத ஆசைதான். நான் நினைத்தது ஓடலாம் என்று. கால் வரவில்லை, அவ்வளவுதான். அசையாமல் கிடந்த தியாகத்தின் முழுப் பெருமையும் என் முழங்கால்களுக்கே.

கையிடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். மஞ்சள் மூஞ்சி. மஞ்சள் என்றால் மாம்பழ மஞ்சள். அது என் இடது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. குதிகால் வெடிப்பை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. இன்னொரு பக்கம் சாய்த்துப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து கேசரியைப் பார்க்கிற பார்வை. குடிசையில் கேமரா தறி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அது பின்வாங்கியது. ஒரு அடி, இரண்டு அடி. இறக்கையை விரித்தது. போய்விட்டது.

சௌந்தரம் புதிய வாசல் வழியாக வெளியே வந்தான். சிரிக்கிறானா அழுகிறானா தெரியாத ஒரு முகம். என்னைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டிவிட்டான்.

"கெடச்சிருச்சு மாப்ள! கண்ணு, மூக்கு, மஞ்ச மூஞ்சியில சுருக்கம்கூட விழுந்துருக்கு!" அப்புறம் கொஞ்சம் நிறுத்திக் கேட்டான்: "ஏலே, ஒண்ணு கேக்கேன். ஓடுனியே… 'ஓடு'ன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறவன்தான நீ?"

அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குத்தான் அந்த இடத்தில் ஒரு முள் இன்னும் இருக்கிறது. ஊக்குக்கு அகப்படவில்லை.

கேமராவின் பின்னால் படத்தைக் காட்டினான். அற்புதமான படம். மேல் பாதியில் கழுகு, கம்பீரமாக. கீழ்ப் பாதியில் காக்கி பேண்ட் அணிந்த ஒரு மேடு. அது நான். என் பின்பக்கம்.

"என்னை வெட்டிட்டுப் போடுலே."

"வெட்டுனா இன்டர்நெட்டுல சுட்ட படம்பானுக. நீ இருந்தாத்தான் நம்ம ஊரு மலைன்னு நம்புவாக. குரூப்புல பாதிப் பேரு ஒன்னைப் பின்னாடி இருந்து பாத்தே கண்டுபுடிச்சிருவாக." என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ வேண்டாம்னா போடல, மாப்ள. நெசமாத்தான் சொல்லுறேன்."

'ஓடு' என்று சொல்லாமல் ஓடியவன் வேறென்ன சொல்ல முடியும்? போடு என்றேன்.

படம் குரூப்புக்குப் போனது. முதலில் தூசி என்று பெயர் வைத்தவரே எழுதினார்: "பாறுதான். சந்தேகமே இல்லை. மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி." அடுத்து இன்னொருவர்: "கீழே கிடப்பது எருமைதானே? அதுக்கு அந்த வலி ஊசி போட்டாங்களா என்று விசாரிச்சீங்களா?" கடைசியாகச் சம்பந்தி. இரண்டு கும்பிடு, ஒரு வரி: "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க சம்பந்தி. அந்த எருமையையும் கூட்டிட்டு வாங்க."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்தவனுக்கு இறங்காத கழுகு, தலைதெறிக்க ஓடி விழுந்தவனுக்கு இறங்கியது. உலகத்தில் பாதிப் பேர் திட்டம் போட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். காரியம் நடப்பதென்னவோ, எவனோ ஒருவன் பயந்து கெடுத்த பிறகுதான். மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இதை ஏன் சொல்லித்தருவதில்லை?

எல்லாவற்றையும் கேட்டு முடித்த என் மனைவி, கடைசி முள்ளைப் பிடுங்கி டார்ச்சை அணைத்தாள்.

"செத்ததைத் திங்கிற பறவை. அதுவே ஒங்களைச் சுத்திப் பாத்துட்டு வேண்டாம்னு போயிருச்சு. நாந்தான் இத்தனை வருசமா…" மிச்சத்தைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புண் ஆறுகிற வரைக்கும் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டுமாம். மேலேயிருந்து பார்த்தால் எப்படித் தெரிவேன் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவசரப்பட்டு வேண்டாமென்றுவிட்டோமோ என்று அது மறுபடி யோசித்தால்?

எல்லாக் கதவும் திறந்தே இருக்கணும் என்று ஊருக்குப் பாடம் எடுக்கிறவன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன்.